பழைய ஜீப்பை ஹைவேக்கு பழக்கணும்னா 5.38ஐ என்ன பண்றது

பழைய பெட்ரோல் ஜீப் வாங்குறவங்க முதல் மாசத்துலயே கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, 60ஐ தாண்டினா இன்ஜின் கதறுதே, மூணாவது போட்டப்புறமும் கை தானா அடுத்த கியரை தேடுதே, இதுக்கு என்ன வழின்னு. உடனே பக்கத்துல இருக்குற யாராச்சும் சொல்லுவாங்க, கிரவுன்-பினியனை மாத்துப்பா எல்லாம் சரியாயிடும்னு. அந்த பதில் தப்பு இல்ல, ஆனா அது பாதி பதில். மீதி பாதியை கேக்காம வேலையை ஆரம்பிச்சவங்க நிறைய பேர் வண்டியை ஹைவேல சந்தோஷமா ஓட்டிட்டு முதல் மலை ஏத்தத்துல முழிக்கிறாங்க, அதனாலதான் இதை கொஞ்சம் விரிவா எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல அந்த 5.38 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். கிரவுன்-பினியன்ங்கிறது ஆக்ஸிலுக்குள்ள இருக்குற பல்சக்கர ஜோடி, சக்கரம் ஒரு சுத்து சுத்த புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறதுதான் ஆக்ஸில் ரேஷியோ, பழைய ஜீப்ல அது 5.38. இரண்டாம் உலகப்போர்ல ஓடுன வில்லிஸ் எம்பி ஜீப்ல ஆக்ஸில் ரேஷியோ 4.88, டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்கு பிரிக்கிற பெட்டி, ஹை, லோன்னு ரெண்டு ரேஞ்ச் உண்டு) லோ 1.97. போர் முடிஞ்ச 1945லயே வில்லிஸ் அதை விவசாயிக்கு விக்க சிஜே-2ஏ ன்னு கொண்டு வந்தாங்க, ஏர் கட்டி இழுக்கணும், பின்னாடி பவர் டேக்-ஆஃப் வெச்சு ரம்பம் ஓட்டணும், நடக்குற வேகத்துல மணிக்கணக்கா போகணும். அதுக்காக ஆக்ஸிலை 5.38 ஆக்கினாங்க, லோ ரேஞ்சை 2.4 பக்கம் கொண்டு வந்தாங்க, டி-90 ன்னு உறுதியான மூணு கியர் பாக்ஸ் வெச்சாங்க. அதே செட்டப்தான் சிஜே-3பி வரைக்கும் வந்துச்சு. 1947ல ஜீப் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச மஹிந்திரா, அமெரிக்காவுல சிஜே-3பி 1968ல நின்ன பிறகும் இங்க அந்த வம்சத்தை பல வருஷம் ஓட்டுனாங்க. அதாவது நம்ம ஊர் பழைய ஜீப்ல இருக்குற ரேஷியோ அமெரிக்க வயக்காட்டுக்காக போட்ட கணக்கு, நாலு வழிச்சாலையை யாரும் அன்னைக்கு நெனச்சு கூட பாக்கல.

இப்ப கணக்குக்கு வருவோம். டி-90ல மூணாவது கியர் நேரடி, 1க்கு 1. ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேஸ் ஹைலயும் 1க்கு 1. அதனால டாப்ல இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற ஒரே குறைப்பு அந்த 5.38தான். 6.00-16 டயர் ஒரு சுத்துக்கு தரையில சுமார் 2.2 மீட்டர் உருளும், 80 கி.மீ. வேகத்துல சக்கரம் நிமிஷத்துக்கு 606 சுத்து, இன்ஜின் 3260 ஆர்பிஎம். 100ல போகணும்னா 4070 வேணும், சிஜே-3பில இருக்குற ஹரிக்கேன் எஃப்-ஹெட் பெட்ரோல் இன்ஜின் தன்னோட முழு சக்தியை குடுக்குறதே 4000லதான், அப்ப 100ங்கிறது அந்த வண்டிக்கு கிட்டத்தட்ட சுவர்.

3260ன்னா இன்னைக்கு கார்ல ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். இங்கதான் ஸ்ட்ரோக் கணக்கு வருது. ஹரிக்கேன்ல போர் (சிலிண்டர் விட்டம்) 79 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற நீளம்) 111 மி.மீ., நீளமான ஸ்ட்ரோக் உள்ள பழைய டிசைன். 3260ல அந்த பிஸ்டன் சராசரியா செகண்டுக்கு 12 மீட்டர் ஓடுது. 5.38க்கு பதிலா ஆக்ஸில் 4.27 ஆனா அதே 80ல 2590 ஆர்பிஎம்தான், பிஸ்டன் வேகம் 9.6 மீட்டருக்கு இறங்கிடும். மஹிந்திரா எம்எம் 540 ஜீப்ல வர்ற பூஷோ எக்ஸ்டிபி 4.90 டீசலுக்கு போர் 90, ஸ்ட்ரோக் 83தான், அதே 3260ல அது 9 மீட்டர்லயே ஓடும், அதனால பூஷோ ஜீப்ல ஹைவே சத்தம் காதுக்கு வலி, ஆனா இன்ஜினுக்கு அவ்ளோ வலி இல்ல. ஒரே ரேஷியோவா இருந்தாலும் எந்த இன்ஜின் மேல ஒக்காந்திருக்குன்னு பாக்காம மாத்தணுமா வேணாமான்னு முடிவு பண்ண முடியாதுங்கிறதுக்கு இது நல்ல உதாரணம். மஹிந்திராவோட எம்டிஐ மாதிரி 2.5 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசலை பழைய பாடில ஏத்தியிருந்தா கதை இன்னும் வேற, அந்த இன்ஜின் ஆட்டம் மூவாயிரத்து சொச்சத்துலயே முடிஞ்சுடும், 5.38 வெச்சா 80 வர்றதுக்குள்ள இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடுற கவர்னர் கையை பிடிச்சுக்கும், அங்க ரேஷியோ மாத்துறது ஆசை இல்ல, தேவை.

சரி எவ்ளோ தூரம் மாத்தலாம்? இந்த கேள்விக்கு எனக்கு பிடிச்ச பதில் மத்த கம்பெனி வண்டிகளை பாத்தா கிடைக்குது. லேண்ட் ரோவர் சீரிஸ் 2, 3 எடுத்துக்கங்க, ஆக்ஸில் 4.7, டிரான்ஸ்பர் கேஸ் ஹைல 1.148, ரெண்டையும் பெருக்குனா 5.40. நம்ம ஜீப்போட 5.38க்கு பக்கத்துல வந்து நிக்குது பாருங்க, இங்கிலாந்துல வண்டி பண்ணவங்களும் கிட்டத்தட்ட அதே எண்ணுக்குத்தான் வந்திருக்காங்க, ஏன்னா ரெண்டு பேருக்கும் அதே மாதிரி இன்ஜின், அதே மாதிரி வயல். அந்த வண்டிக்காரங்க ரோட்டுக்காக என்ன பண்றாங்க? ஒண்ணு ரேஞ்ச் ரோவரோட 3.54 டிஃப்ரன்ஷியலை ஏத்துறாங்க, அப்ப மொத்தம் 4.06. இல்லன்னா ஃபேரி ஓவர்டிரைவ் (டாப்புக்கு மேல இன்னும் நீளமான கியரை சேக்குற கூடுதல் பெட்டி), ரேஷியோ 0.782, அப்ப மொத்தம் 4.22. இலங்கை மலையகத் தோட்டங்கள்ல ஓடுன லேண்ட் ரோவர்களை இன்னைக்கு வெச்சு பராமரிக்கிறவங்களுக்கும் இருக்குற முக்கியமான வழிகள் இதே ரெண்டுதான். சுசூகில பாத்தா எஸ்ஜே410ல நாலு கியர், டிரான்ஸ்பர் ஹைல 1.58, ஆக்ஸில் 4.11, டாப்ல மொத்தம் 6.49, ஒரு லிட்டர் இன்ஜின் அப்படித்தான் ஓட முடியும். நம்ம ஊர் முதல் ஜிப்சி எம்ஜி410 அந்த வம்சம்தான். அடுத்து வந்த 1.3 லிட்டர் சாமுராய்ல கம்பெனியே அஞ்சாவது கியர் 0.795, டிரான்ஸ்பர் 1.409, ஆக்ஸில் 3.73 வெச்சு மொத்தத்தை 4.18க்கு கொண்டு வந்துட்டாங்க.

4.06, 4.22, 4.18. ஜீப்புக்கு 4.27. எல்லாரும் ஒரே தெருவுலதான் வந்து நிக்குறாங்க. 60-75 குதிரைசக்தி, பெட்டி மாதிரி முகம், 28 இன்ச் சொச்சம் டயர், இந்த மூணும் சேர்ந்த வண்டிக்கு டாப் கியர் மொத்தம் 4.0 - 4.3தான் இயற்கையான எல்லைன்னு நான் உறுதியா நம்புறேன். அதுக்கும் கீழ 3.73 போனா 80ல 2260 ஆர்பிஎம்தான், கேக்கவே இனிக்கும். ஆனா காத்தை தள்ள வேண்டிய சக்தி வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும், 60ல இருந்து 80 போனா காத்துக்கு மட்டும் 2.4 மடங்கு சக்தி வேணும், ஜீப்போட நேர் கண்ணாடியும் தட்டை முகப்பும் அதுல ஒரு பைசா தள்ளுபடி குடுக்காது. 3.73 வெச்சா எதிர்காத்து அடிச்சாலோ ஃப்ளைஓவர் வந்தாலோ டாப் நிக்காது, ஊருக்குள்ள 30ல போகும்போது மூணாவதுல 850 ஆர்பிஎம்தான் இருக்கும், வண்டி உதறும். பின் ஆக்ஸில் டானா 44 வகையா இருந்தா இன்னொரு சிக்கலும் இருக்கு, 3.92க்கு மேல ஒரு கேரியர் (கிரவுனை தாங்குற கூடு), 3.73க்கு கீழ வேற கேரியர், அதனால 4.27 வரைக்கும் பழைய கேரியர்லயே கிரவுனை மாட்டலாம், 3.73ன்னா கேரியரையும் சேத்து தேடணும்.

இனிமேதான் விஷயமே. 4.2 பக்கம் போகணும்னு முடிவாச்சு, எந்த வழியா போறோம்ங்கிறதுதான் மலையில வண்டி எப்படி இருக்கும்னு தீர்மானிக்கும். ஆக்ஸிலை மாத்துனா எல்லா கியரும் சேர்ந்து 26 சதவீதம் நீளமாயிடும், ஹைவேக்கு தேவைப்பட்டது டாப் மட்டும்தான், ஆனா விலை குடுக்குறது ஒண்ணாவதும் ரெண்டாவதும் ரிவர்ஸும். ஓவர்டிரைவோ அஞ்சு கியர் பாக்ஸோ வெச்சா கீழ இருக்குறது அப்படியே இருக்கும், மேல ஒண்ணு கூடும். சொல்லும்போது சின்ன வித்தியாசமா தெரியும், ஓட்டும்போது ரெண்டும் ரெண்டு வண்டி.

ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கலாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி, வால்பாறைக்கு 40, மசினகுடியில இருந்து ஊட்டிக்கு ஏறுற கல்லட்டி ரோட்டுல 36. ஆள், சாமான் ஏத்துன ஜீப் 15 கி.மீ. வேகத்துல வளைவுக்குள்ள நுழையுது, ரெண்டாவது கியர். டி-90ல ரெண்டாவது 1.551, 5.38ஓட பெருக்குனா 8.34, இன்ஜின் 950 ஆர்பிஎம்ல இருக்கும், ரொம்ப சவுகரியம் இல்லன்னாலும் நீளமான ஸ்ட்ரோக் இன்ஜின் அங்கேர்ந்து முனகிட்டே இழுத்துடும். அதே வளைவு 4.27 ஆக்ஸிலோட, ரெண்டாவது மொத்தம் 6.62தான், இன்ஜின் 750க்கு வந்துடும், ஐடிலுக்கு கொஞ்சம் மேல, ஏத்தத்துல இழுக்காது, ஒண்ணாவதுக்கு போயே ஆகணும். டி-90ல ஒண்ணாவதுக்கு சின்க்ரோ (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தை தானா ஒத்துப்போக வெக்கிற வளையம்) கிடையாது. ஓடுற வண்டியில ஒண்ணாவது போடணும்னா டபுள் கிளட்ச் அடிச்சு, நடுவுல ஆக்ஸிலரேட்டர் குடுத்து, ஸ்பீடை சரியா பிடிச்சுத்தான் உள்ள தள்ளணும், ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுட்டு இருக்குற அந்த நேரத்துல, எதிர்ல பஸ் இறங்கி வர்றப்ப. பழகுனவங்க பண்ணுவாங்க. ஆனா அந்த கஷ்டம் முன்னாடி அந்த வண்டியில இல்ல, நாம பணம் குடுத்து சேத்தது.

லோ போட்டுக்கலாமேன்னு கேக்கலாம். பழைய ஜீப்ல முன்சக்கரத்தை எங்கேஜ் பண்ணாம லோ விழாது, இன்டர்லாக் அப்படி வெச்சிருக்காங்க, பின் ஆக்ஸில் மேல மொத்த டார்க்கும் (முறுக்கு விசை) போயிடக்கூடாதுன்னு. காய்ஞ்ச தார் ரோட்டுல நாலு சக்கரமும் பூட்டிட்டு கொண்டை ஊசி திரும்புனா டிரைவ்லைன் முறுக்கிக்கும், முன் பக்க யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கு அது நல்லதே இல்ல. முன்னாடி ஃப்ரீவீல் ஹப் இருந்து அதை திறந்து விட்டிருந்தா மட்டும்தான் தார்ல லோ நிம்மதியா ஓடும், அதுவும் மெதுவா, மென்மையா.

நேரான ஏத்தத்துலயும் இதே கதை வேற விதமா வரும். 5.38ல மூணாவதுலயே 40ல ஏறிட்டிருந்த இடத்துல இன்ஜின் 1630ல இருக்கும். 4.27 மாத்துனப்புறம் மூணாவது தாங்கலன்னா ரெண்டாவதுக்கு வரணும், அப்ப அதே 40ல இன்ஜின் 2000. அதாவது ஆர்பிஎம்மை குறைக்க மாத்துன ரேஷியோ மலையில ஆர்பிஎம்மை கூட்டிடுது, ஏன்னா மூணே படி இருக்குற ஏணியில படிக்கு படி இடைவெளி ஏற்கனவே அதிகம், நாம மொத்த ஏணியையும் நீட்டிட்டோம். பழைய 5.38 இருந்த இடம் இப்ப 4.27க்கும் 6.62க்கும் நடுவுல வெறும் இடமா கிடக்கு.

ஓவர்டிரைவ் இதை அழகா தீர்க்கும். அமெரிக்காவுல வார்ன் கம்பெனி ஸ்பைசர் 18க்குன்னே ஒரு ஓவர்டிரைவ் பண்ணாங்க, டிரான்ஸ்பர் கேஸுக்கு பின்னாடி பவர் டேக்-ஆஃப் மூடி இருக்குற ஓட்டையில உக்காரும், உள்ள இருக்குற டிரைவ் கியருக்கு பதிலா அதோட கியர் செட், 0.75. 5.38ஐ தொடவே வேணாம், மூணாவது ஓவர்டிரைவ் 4.03, சாதா மூணாவது 5.38, ரெண்டாவது ஓவர்டிரைவ் 6.26, ரெண்டாவது 8.34, ஒண்ணாவது 15.05. பாருங்க, நடுவுல காணாம போன படியெல்லாம் திரும்ப வந்துடுச்சு, 80ல 2450 ஆர்பிஎம்மும் கிடைச்சுடுச்சு, ஹேர்பின்ல அதே பழைய ரெண்டாவதும் இருக்கு. டிரான்ஸ்பர் கேஸுக்குள்ளயே சக்தி பிரியறதுக்கு முன்னாடி வேலை செய்றதால முன், பின் ரெண்டு ஆக்ஸிலுக்கும் சமமா போகும், லோலயும் ஓடும். என்னை கேட்டா மூணு கியர் ஜீப்புக்கு இதை விட மரியாதையான மாற்றம் இல்ல. சிக்கல் என்னன்னா இங்க கிடைக்கிறது அபூர்வம், கிடைச்சாலும் உங்க கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டோட ஸ்ப்லைன் எத்தனை, கேஸோட ஓட்டை சின்னதா பெருசான்னு பாக்காம வாங்கிடக் கூடாது, ரெண்டுலயும் வகை உண்டு. சத்தமும் கொஞ்சம் சேரும், ஆயிலும் டிரான்ஸ்பர் கேஸோட சேத்து அடிக்கடி பாக்கணும்.

நம்ம ஊர் நிலைமைக்கு அடுத்த வழி அஞ்சு கியர் பாக்ஸ், பின்னாடி வந்த மஹிந்திரா வண்டிகள்ல இருந்து எடுத்து போடுறது. அஞ்சாவது 0.8 பக்கம்னு வெச்சுக்கிட்டா 5.38ஓட பெருக்கி 4.30, அதாவது ஆக்ஸிலை 4.27 ஆக்குனா கிடைக்குற அதே ஹைவே ஆர்பிஎம். ஒண்ணாவதுக்கு சின்க்ரோ கிடைக்குது, நடுவுல நெருக்கமா கியர் கிடைக்குது. விலை எங்க குடுக்குறோம்னா ஃபிட்டிங்ல, பெல் ஹவுசிங் பொருந்தணும், டிரான்ஸ்பர் கேஸ் பின்னாடி தள்ளிப் போகும், 80 இன்ச் வீல்பேஸ் உள்ள குட்டி ஜீப்ல பின் பக்க புரொபெல்லர் ஷாஃப்ட் ஏற்கனவே குட்டை, இன்னும் குட்டை ஆகும், கோணம் செங்குத்தாகும், அதை சரியா பண்ணலன்னா 70ல வண்டி முழுக்க அதிரும். நல்ல லேத்காரர், ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ணத் தெரிஞ்ச கடை, ரெண்டும் கிடைச்சா மட்டும் இறங்கலாம்.

இதுல அடிக்கடி பாக்குற தப்பு என்னன்னா அஞ்சு கியர் பாக்ஸும் போட்டு 4.27ம் போடுறது. 0.8ஐ 4.27ஓட பெருக்குனா 3.4. பழைய 60 குதிரை இன்ஜின்ல அந்த அஞ்சாவது கியர் ஓட்டுறதுக்கு உதவாது, இறக்கத்துல போட்டுப் பாக்கலாம், அவ்ளோதான். டர்போ வெச்ச டீசல் இருக்குறவங்க ரெண்டையும் செய்யட்டும், மத்தவங்க ஏதாவது ஒண்ணோட நிறுத்திக்கிறது நல்லது.

டயரை பெருசாக்குனா போதாதான்னு ஒரு கேள்வி வரும். 7.00-16 போட்டா ஒரு சுத்துக்கு 2.37 மீட்டர், 80ல 3260க்கு பதிலா 3030. ஏழு சதவீதம் கிடைக்கும், ஸ்டியரிங் கனமாகும், பழைய வண்டியில 9 இன்ச் டிரம் பிரேக் இருந்தா நிக்குறதுக்கும் அதே அளவு நீளும். வேடிக்கை என்னன்னா நிறைய பேர் ரோட்டுக்கு சுகமா இருக்கும்னு 215/75 ஆர்15 ரேடியல் போடுறாங்க, அது 6.00-16ஐ விட கொஞ்சம் சின்னது, ஆர்பிஎம் 3370க்கு ஏறிடும். டயர் ரேடியலா மாறுனதால ஓட்டம் நல்லா இருக்கும், ஆனா கியரிங் எதிர்பக்கமா போயிருக்கும். ரேஷியோ பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி டயரை முடிவு பண்ணிடணும், பின்னாடி மாத்துனா போட்ட கணக்கெல்லாம் வீண்.

இவ்ளோக்கு அப்புறமும் ஆக்ஸிலை மாத்துறதுதான் சரின்னு வர்றவங்க உண்டு, அதுல நியாயமும் உண்டு. சமவெளியிலயே ஓடுற வண்டி, டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல் ஏத்துன வண்டி, நாலு கியர் பாக்ஸ்ல ஒண்ணாவது நல்லா கீழ இருக்குற வண்டி, இதுக்கெல்லாம் 4.27 அருமையா பொருந்தும். இன்னொரு நன்மையும் இருக்கு, 5.38ல பினியனுக்கு 8 பல்லுதான், கிரவுனுக்கு 43. 4.27ல 11க்கு 47. பினியன் தடிமன், ஒரே நேரத்துல அதிக பல்லு பிடிக்கும், உறுதி கூடும், புரொபெல்லர் ஷாஃப்ட்டும் அதே வேகத்துல மெதுவா சுத்தும், அதிர்வு குறையும். காட்டுப்பாதை வேகமும் நினைக்கிற அளவுக்கு கெட்டுடாது, லோ-ஒண்ணுல மொத்தம் 37ல இருந்து 29 ஆகும், 1000 ஆர்பிஎம்ல மணிக்கு 3.6 கி.மீ. போனது 4.5 கி.மீ. ஆகும், ரெண்டுமே நடக்குற வேகம்தான். அடி வாங்குறது காட்டுல இல்ல, தார் போட்ட மலை ரோட்டுலதான்.

இப்படி இறங்குனா முதல் வேலை, உங்க வண்டியில இப்ப என்ன இருக்குன்னு கண்ணால பாக்குறது. கை மாறி கை மாறி வந்த வண்டி, புக்ல போட்டதை நம்ப முடியாது, எம்எம் 540லயெல்லாம் ஆக்ஸில் மாறிக் கிடக்குறது சர்வ சாதாரணம். முன் சக்கரம் ரெண்டுக்கும் கட்டை வெச்சுட்டு பின் சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கில தூக்குங்க, கியரை நியூட்ரல் பண்ணி ஹேண்ட்பிரேக்கை எடுத்துடுங்க, புரொபெல்லர் ஷாஃப்ட்ல சாக்பீஸால ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு. தூக்குன சக்கரத்தை சரியா ரெண்டு சுத்து சுத்துங்க, இன்னொரு சக்கரம் தரையில நிக்கிறதால ரெண்டு சுத்துதான் கிரவுனுக்கு ஒரு சுத்து. ஷாஃப்ட் அஞ்சு சுத்து தாண்டி இன்னும் மூணுல ஒரு பங்கு கூட போச்சுன்னா 5.38, அஞ்சுக்கு ஒரு துளி கம்மியா நின்னா 4.88, நாலே கால்னா 4.27. முன்னாடியும் இதே மாதிரி எண்ணிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.

ஒண்ணா இருக்கணும்ங்கிறதை திரும்பத் திரும்ப சொல்லலாம். காசு மிச்சம்னு பின்னாடி மட்டும் 4.27 போட்டு முன்னாடி 5.38ஐ விட்டுட்டு, முன் ஷாஃப்ட்டை கழட்டி வீட்ல வெச்சிருக்குற வண்டிகள் நிறைய. அப்புறம் அது ஃபோர் வீல் டிரைவே இல்ல. அதை விட மோசம், வண்டி கைமாறி, விவரம் தெரியாத ஒருத்தர் ஷாஃப்ட்டை மாட்டி லீவரை போட்டா, ரெண்டு ஷாஃப்ட்டையும் டிரான்ஸ்பர் கேஸ் ஒரே வேகத்துல சுத்தும், சக்கரங்களுக்கு 26 சதவீதம் வேறுபாடு வரும், சேத்துலயே தாங்காது, தார்ல ஏதாவது உடையும். மாத்துனா ரெண்டையும் மாத்தணும், முடியலன்னா இந்த வழியே வேணாம்.

வேலை செய்ற ஆளும் முக்கியம். கிரவுனும் பினியனும் ஃபேக்டரில ஜோடியா உரசி பொருத்துனது, ரெண்டுலயும் ஒரே நம்பர் பொறிச்சிருக்கும், கடையில குவிஞ்சு கிடக்குறதுல இருந்து கிரவுன் ஒரு வண்டி, பினியன் ஒரு வண்டின்னு எடுத்தா எவ்ளோ ஷிம் (மெல்லிய தகடு) வெச்சாலும் ஊளையிடும். பினியன் ஆழத்தை ஷிம்ல பிடிச்சு, பேரிங் ப்ரீலோட் (இறுக்கம்) பாத்து, பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) டயல் கேஜ் வெச்சு 0.15 - 0.25 மி.மீ.க்குள்ள கொண்டு வந்து, பல்லுல மார்க்கிங் பெயிண்ட் தடவி சுத்தி, பிடிக்கிற தடம் பல்லோட நடுவுல விழுதான்னு பாக்கணும். தடம் பல்லு நுனியில இருந்தா பினியன் இன்னும் உள்ள வரணும், அடியில இருந்தா வெளிய போகணும். கையால ஆட்டிப் பாத்து சரியா இருக்குன்னு மூடுற ஒர்க்‌ஷாப்னா வண்டியை திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க, நான் இதுல சமரசமே பண்ண மாட்டேன்.

மாத்துனப்புறம் யாரும் சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு. ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்பர் கேஸ் வெளிவாசல்ல இருந்து வருது, ஆக்ஸில் மாறுனது அதுக்குத் தெரியாது. முள்ளு 60 காட்டும்போது நிஜத்துல 75ல போயிட்டிருப்பீங்க, தப்பு ஆபத்தான பக்கம் இருக்கு. கேபிள் பினியனை மாத்தணும், அது கிடைக்குற வரைக்கும் போன்ல ஜிபிஎஸ் வெச்சு ஓட்டணும். ரெண்டாவது ஹேண்ட்பிரேக். சிஜே-3பி காலத்து வண்டில அது சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்பர் கேஸுக்கு பின்னாடி ஷாஃப்ட்ல ஒரு டிரம். அது பிடிக்கிற பிடியை சக்கரத்துக்கு பெருக்கிக் குடுக்குறது ஆக்ஸில் ரேஷியோதான், 5.38 போய் 4.27 வந்தா அதே லீவர் இழுப்புக்கு 21 சதவீதம் பிடி கம்மி. இறக்கத்துல இன்ஜின் பிரேக்கும் அதே கணக்குல குறையும், 9 இன்ச் டிரம்மை நம்பி இறங்குற பாரம் கூடும். ஓவர்டிரைவ், அஞ்சு கியர் வழியில போனவங்களுக்கு இந்த ரெண்டு தொல்லையுமே கிடையாது, அதெல்லாம் கேபிளுக்கும் டிரம்முக்கும் முன்னாடி நடக்குற மாற்றம்.

மைலேஜ் பத்தி ஒரு வரி. கொஞ்சம் கூடும், ஒரே வேகத்துல ஓட்டுனா. ஆனா ரேஷியோ மாத்துனவங்க யாரும் அதே வேகத்துல ஓட்டுறதில்ல, 60ல போனவங்க 80ல போவாங்க, மிச்சமானதை காத்து தின்னுடும். மிச்சம் பண்ணலாம்னு இந்த வேலையில இறங்க வேண்டாம், காதுக்கும் இன்ஜினுக்கும் நிம்மதி வேணும்னு இறங்கலாம். தேனி, போடி, கம்பம் பக்கத்துல இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போற ஜீப்காரங்க கிட்ட ரேஷியோவை நீட்டலாமான்னு கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு ஹைவே வேலை கிடையாது, பாரத்தோட மலை ஏறணும், இருக்குறது இருக்கட்டும்னுதான் சொல்லுவாங்க.

சட்டம் பக்கமும் பாத்துக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52ஆவது பிரிவு வண்டி மாற்றத்தைப் பத்தினது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கம்பெனி குடுத்த வடிவத்தை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துருக்கு. ஆர்சி புக்ல ஆக்ஸில் ரேஷியோன்னு ஒரு கட்டம் கிடையாது, ஆனா இன்ஜின் நம்பர் இருக்கு, ரேஷியோ மாத்துற சாக்குல இன்ஜினையும் மாத்துறவங்க முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்திடணும், இல்லன்னா விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கையை விரிச்சுடும்.

வேலை முடிஞ்சு வண்டி வெளிய வந்ததும் நேரா ஹைவேக்கு விடாதீங்க. புது கிரவுன்-பினியன் முதல்ல சூடாகும், முதல் 25-30 கி.மீ. லேசா ஓட்டிட்டு ஹவுசிங் ஆறுற வரைக்கும் நிறுத்தி வெக்கணும், அப்படி ரெண்டு மூணு தடவை, பாரம் ஏத்தாம. ஆக்ஸிலுக்கு ஹைப்பாய்டு ஆயில், ஜிஎல்-5 வகை, அதையே கியர்பாக்ஸுக்கும் ஊத்திடக் கூடாது, டி-90ல பித்தளை சின்க்ரோ வளையம் இருக்கு, அதுக்கு ஜிஎல்-4 போதும். 800 கி.மீ. பக்கம் வந்ததும் முன், பின் ரெண்டு ஆக்ஸில் ஆயிலையும் இறக்கி விரல்ல தேச்சுப் பாருங்க, சாம்பல் நிறத்துல மாவு மாதிரி வந்தா பல்லு பதமாகுதுன்னு அர்த்தம், புது ஆயில் ஊத்திட்டு ஓட்டலாம், கண்ணுக்குத் தெரியுற செதிலா வந்தா மூடியை கழட்டி தடத்தை மறுபடி பாக்கணும்.